மஞ்சுவைப் பார்த்துச் சிரித்தவர்கள்

போன வாரம் என் போட்டோக் கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். திண்டிவனம் பக்கம் சொந்த ஊர். இங்கே ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. தவணையில் புதுக் கேமரா வாங்கியிருக்கிறார். பையின் ஜிப்பை மெதுவாகத் திறந்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் எடுத்துக் காட்டினார். நானும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னுடையதைவிட நல்ல கேமரா. அதைச் சொல்ல மனமில்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

“அண்ணா, படம் இன்னும் நல்லா வரணும்னா அடுத்து என்ன வாங்கறது? லென்ஸா, லைட்டா?”

“லைட் வாங்குங்க,” என்றேன்.

அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். நான் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டீ வந்து ஆறிப்போனதுதான் மிச்சம். அந்தக் கேள்வியை எத்தனையோ வருஷம் நானே கேட்டுக்கொண்டு அலைந்தவன். பதிலும் எனக்குத் தெரியும். ஆனால் கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வந்து நிற்கிற ஒருவரிடம் சொல்கிற பதில் இல்லை அது. உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு நேரம் இருக்கிறது, எனக்கும் இப்போது நேரம் நிறையவே இருக்கிறது.

அந்தப் புதுக் கேமராப் பையிலிருந்து ஒரு வாசனை வந்தது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. என் முதல் கேமராவுக்கு அது கிடையாது. பெங்களூரில் ஒருவர் வைத்திருந்து விற்ற பழைய கேமரா. அவர் வீட்டுச் சாமி அறையிலேயே வைத்திருந்தாரோ என்னவோ, ஊதுபத்தி வாசனையோடு வந்தது. ரொம்ப நாள்வரை அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கோயிலுக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். எனக்குள் கொஞ்சம் பக்தியும் வந்திருக்க வேண்டும். படம்தான் வரவில்லை.

அப்போது நான் ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் இருந்தேன். வண்டிகளுக்குப் போகிற பிஸ்டன்களை அளந்து பார்த்து, சரியானதை இந்தப் பக்கமும் சரியில்லாததை அந்தப் பக்கமும் வைக்கிற வேலை. லீவு நாட்களில் கூட வேலை செய்கிறவர்களின் கல்யாணத்துக்குக் கேமராவோடு போவேன். என் படங்களில் குறை சொல்ல எதுவும் இருக்காது. வெளிச்சம் சரியாக இருக்கும், கண்ணிமை முடி எண்ணலாம்போலத் துல்லியமாக இருக்கும். மனிதர்கள் மட்டும் தரப் பரிசோதனையில் தேறிய பிஸ்டன் மாதிரி வரிசையாக நிற்பார்கள். மத்தூரில் ஒரு மாப்பிள்ளை ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “ஏண்ணா, நான் இவ்ளோ கோவக்காரனா?” என்று கேட்டான். அவன் பாவம், கம்பெனியில் எங்கள் லைனிலேயே ரொம்பச் சாதுவானவன்.

சரி, லென்ஸ்தான் பிரச்சனை என்று லென்ஸ் வாங்கினேன். பிறகு ஃபிளாஷ். பிறகு வெளிச்சத்தை மென்மையாக்குகிற வெள்ளைக் குடை. அந்தக் குடையை முதன்முதலில் கல்யாண மண்டபத்துக்குள் விரித்தபோது முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மேலே பார்த்தார். “என்னாப்பா, உள்ளயே மழ வருமா?” என்றார். மண்டபமே சிரித்தது. நான் அவசரமாக ஃபிளாஷைச் சரிசெய்து, கேமராவைத் தூக்கி, “எல்லாரும் இங்க பாருங்க” என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. எல்லோரும் மறுபடி பிஸ்டன் ஆனார்கள்.

அந்த நிலைமையில்தான் எனக்கும் மஞ்சுளாவுக்கும் கல்யாணம் ஆனது.

மஞ்சு வேப்பனப்பள்ளிப் பக்கம். அப்பாவுக்கு மாந்தோப்பு. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், லீவுக்குப் போய்த் தங்குகிற சித்தி வீட்டில் கன்னடம். எங்கள் பக்கம் இது பெரிய விஷயமில்லை. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கேட்பதற்குள் யாரும் மூன்று பாஷை பேசிவிடுவார்கள். ஆனால் பலருக்கும் மற்ற இரண்டு பாஷையும் காரியத்துக்கானவை. விலை கேட்க, வழி கேட்க, சண்டை போட. மஞ்சு மூன்றிலும் வம்பு பேசுவாள். மூன்றிலும் துக்கம் விசாரிப்பாள். ஒருவரைப் பார்த்து வாயைத் திறக்கும் முன்பே அவருக்கு எந்தப் பாஷை வீட்டுப் பாஷை என்று எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள். கேட்டால், “மூஞ்சியப் பாத்தா தெரியாதா?” என்பாள். நான் நாள் முழுக்க மூஞ்சியைப் பார்க்கிற தொழிலில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததே இல்லை.

கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்ச காலத்தில் கம்பெனியை விட்டுவிட்டுப் பாகலூர் ரோட்டில் ஒரு சின்னக் கடை போட்டேன். கடைக்குச் சோறு போட்டது கல்யாணப் படம் இல்லை, ஐ.டி. கார்டு படம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் கம்பெனிகளில் புதிதாக ஆள் எடுக்கும்போது, ஒரு பஸ் நிறைய ஆட்களை இறக்கி வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். பின்னால் வெள்ளைத் துணி, முன்னால் ஒரு ஸ்டூல். உட்கார், நிமிர், அடுத்த ஆள். என்னோடு துணி பிடிக்க வருகிறவர் ஒருநாள் வரவில்லை. “நான் வந்து புடிக்கறன்,” என்று மஞ்சு கிளம்பினாள். துணி பிடிக்க வந்தவள்தான்.

அன்றைக்கு முதலில் உட்கார்ந்தது திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பன்னிரண்டாவது முடித்த கையோடு வந்திருக்க வேண்டும். வீட்டை விட்டு வந்த முதல் நாள். கண் வீங்கியிருந்தது. நான் கேமராவை எடுத்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். மஞ்சு துணியைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கண்ணு, காலைல என்ன சாப்ட்ட?”

“ஒண்ணும் சாப்டலக்கா.”

“ஏன்?”

“ஆஸ்டல்ல பொங்கல் போட்டாங்க. எனக்குப் புடிக்காது.”

“எனக்கும்தான் புடிக்காது. எங்கூட்டுக்காரருக்கு மட்டும் பொங்கல்னா உசுரு. பாரு, அதத் தின்னுட்டு எப்பிடித் தூங்கற மாதிரியே நிக்கறாரு.”

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, மஞ்சுவைப் பார்த்தாள். வீங்கிய கண்ணோடேயே சிரித்தாள். என் விரல் தானாக அழுத்தியது. பின்னால் அந்தப் படத்தைக் கணினியில் திறந்தபோது நான் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பழைய கேமரா, அதே லென்ஸ். அழுது முடித்து, இனிமேல் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிற ஒரு முகம் ஐ.டி. கார்டு அளவுக்குள் இருந்தது.

அதற்கப்புறம் மஞ்சு இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. பைக்கில் நான் முன்னால், கேமராப் பையை மடியில் கட்டிக்கொண்டு அவள் பின்னால். மத்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், எல்லை தாண்டி மாலூர்வரை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி ஆரம்பத்தில் நிறையப் பேசினோம், பிறகு பேசவில்லை. ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் வீட்டுக் குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் பேசுவதைப் பார்ப்பேன். படம் எடுக்கிற சாக்கில் கண்ணை மறைத்துக்கொள்ள எனக்கு ஒரு கருவி இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

வேப்பனப்பள்ளியில் ஒரு தோட்டக்கார வீட்டில் பையனுக்குக் கல்யாணம். பையனின் அப்பா அம்மாவைச் சேர்த்து நிற்க வைத்து ஒரு படம் வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் வந்து, நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம்போல இடம் விட்டு நின்றார்கள். ஆளுக்கொரு திசையில் முகம். நான் “கொஞ்சம் கிட்ட வாங்க” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். மஞ்சு தெலுங்கில் ஏதோ கேட்டாள். அந்த அம்மா பதில் சொன்னார். உடனே ஐயா மறுத்து ஏதோ சொன்னார். அம்மா அவர் பக்கம் திரும்பிக் கையை நீட்டிப் பேச ஆரம்பித்தார். ஐயாவும் விடவில்லை. எனக்குத் திக்கென்றது, கல்யாண வீட்டில் சண்டை மூட்டிவிட்டாளே என்று. திடீரென்று இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அப்போதே எடுத்துவிட்டேன். அம்மாவின் கை ஐயாவின் தோளில் ஓர் அடி போட்டபடி இருக்கிறது அந்தப் படத்தில்.

வண்டியில் வரும்போது, “என்ன கேட்ட?” என்றேன்.

“உங்க கல்யாணத்தன்னிக்கு மழ பேஞ்சுதான்னு கேட்டன். அந்தம்மா பேஞ்சுதுன்னுது. அவரு இல்லன்னாரு. அவ்ளோதான்.”

பின்னால் படம் வாங்க வந்த பையன் சொன்னான், தோட்டத்தைப் பாகம் பிரித்த தகராறில் இருவரும் முகம் கொடுத்துப் பேசி ரொம்ப நாளாகியிருந்ததாம்.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. எங்கள் படங்களில் யாரும் லென்ஸைப் பார்த்ததில்லை. எல்லோர் பார்வையும் கொஞ்சம் இடது பக்கம் விலகி, மஞ்சு நிற்கிற இடத்தில் இருக்கும். பெங்களூரில் எனக்கு ஆல்பம் வடிவமைத்துக் கொடுத்தவர் ஒருநாள் போன் செய்து, “சார், உங்க ஊர்ல எல்லாரும் ஓரமா எதையோ பாக்கறாங்களே, அங்க டிவி ஓடுதா?” என்று கேட்டார். நான் மஞ்சுவை என் முதுகுக்குப் பின்னால் நின்று பேசச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மெல்ல நகர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். “உங்க முதுகப் பாத்துகிட்டு நான் யாருகிட்டன்னு பேசறது?” என்றாள். அத்தோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

அவளைப் படம் எடுப்பதுதான் முடியாத காரியம். அத்தனை பேரைச் சிரிக்க வைத்தவள் கேமரா தன் பக்கம் திரும்பியதும் மரமாகிவிடுவாள். எங்கள் கல்யாண ஆல்பத்திலேயே அப்படித்தான் இருக்கிறாள், யாரோ அவளைக் கட்டாயப்படுத்தி மேடையேற்றின மாதிரி. ஒருநாள் நானே அவள் வித்தையை அவளிடம் காட்டிப் பார்த்தேன்.

“மஞ்சு, சாப்ட்டியா?”

“பக்கத்துல உக்காந்துதான சாப்ட்டீங்க?”

“இல்ல, சும்மா கேட்டன்.”

“சும்மா கேட்டா யாரு சிரிப்பா? எடுத்துட்டு விடுங்க, அடுப்புல பாலு இருக்குது.”

எடுத்தேன். அந்தப் படத்திலும் அவள் அடுப்பில் இருக்கிற பாலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். காலை வேளை. ஸ்டூலில் இருந்தது ஒரு கன்னடக்காரப் பெண். மஞ்சு அவளிடம் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த கன்னடம் கொஞ்சம்தான், அதனால் அது எனக்குப் புதிதில்லை. மறுபடி ஏதோ சொன்னாள். வழக்கமான ஏற்ற இறக்கம், வழக்கமான குரல். அந்தப் பெண் விழித்தாள். வரிசையில் பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்களில் தெலுங்குக்காரர்கள் இருந்தார்கள். வடக்கேயிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

“சார், அக்கா என்ன பாஷ பேசறாங்க?”

நான் கேமராவைக் கீழே இறக்கி மஞ்சுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அது எந்தப் பாஷையும் இல்லை. அவள் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சொன்னது. அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிட வலது கையில் பிடித்திருந்த சீப்பு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் அப்படியே என்மேல் சாய்ந்துவிட்டாள்.

கம்பெனி ஆம்புலன்ஸில் கிருஷ்ணகிரிக்கு, அங்கிருந்து பெங்களூருக்கு. மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது என்றார்கள். பேச்சு இருக்கிற இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார் டாக்டர். எனக்கு அப்போது ஒரு பைத்தியக்காரச் சந்தேகம் வந்தது. “மூணு பாஷயுமா டாக்டர்?” என்று கேட்டேன். அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

உயிர் தப்பியது. நடக்க ஆரம்பித்தாள். வலது கை மடங்கியே இருந்தது. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. ஆனால் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது. “இருங்க.” ஸ்டூலில் உட்காருகிறவர்களின் காலரைச் சரிசெய்யும்போது நாள் முழுக்க அவள் சொல்லிக்கொண்டிருந்த சொல். “இருங்க இருங்க, காலரு மடிஞ்சிருக்குது.” மற்ற எல்லாம் போய் அது மட்டும் ஏன் தங்கியது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. பசித்தாலும் இருங்க. வேண்டாம் என்றாலும் இருங்க. அவள் அம்மா வந்து கட்டிக்கொண்டு அழுதபோது அவர் முதுகைத் தடவிக்கொண்டே, “இருங்க, இருங்க,” என்றாள்.

வாரம் ஒருநாள் பெங்களூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பயிற்சி கொடுத்தது ஒரு சின்ன வயது அம்மா, ரொம்பப் பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்பார். பசு, கப்பல், ஆப்பிள். மஞ்சு அந்த அட்டைகளைப் பார்த்த பார்வையில் எந்த ஆர்வமும் இல்லை. ஒருநாள் அந்த அம்மாவே சொன்னார், “உங்க வீட்டுல இருக்கறதையே எடுத்துட்டு வாங்களேன் சார், நீங்கதான் போட்டோகிராபராச்சே.”

அப்புறம் நான் எடுத்த படங்களைப்போல என் வாழ்நாளில் எடுத்ததில்லை. எங்கள் அடுப்பு. கைப்பிடி உடைந்த எங்கள் தோசைக் கரண்டி. அவள் செருப்பு. கேட்டில் தொங்குகிற பால் பை. எதிர் வீட்டுப் பூனை. ஒவ்வொன்றுக்கும் காலை வெயிலுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் போனேன், இன்னும் பக்கத்தில் போனேன். ஒரு தோசைக் கரண்டியை, இதைப் பார்த்ததும் ஒருத்திக்குப் பேச்சு வந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு யாராவது படம் எடுத்திருப்பார்களா தெரியவில்லை.

வேப்பனப்பள்ளிக்குப் போய் அவள் அப்பாவின் தோப்பில் ஒரு மரத்தைப் படம் எடுத்துவந்தேன். அவள் சின்ன வயதில் ஏறி விழுந்த மரம். அந்த அட்டையை இடது கையில் வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். இருங்க இருங்க, இருங்க, இருங்கஇருங்க. குரல் ஏறியது, தணிந்தது, ரகசியம்போல் ஆனது, நடுவில் சிரித்தாள். மரத்தில் ஏறின கதையை முழுசாகச் சொல்கிறாள் என்று தெரிந்தது. கதை சொல்கிற மெட்டு அப்படியே இருந்தது, சொற்கள்தான் இல்லை. நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் விழுந்த இடம் வந்ததும் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்து என்னையே ஒரு படம் எடுத்துத் தரச்சொல்லி, அதையும் அட்டையாக்கி எடுத்துப்போனேன். பயிற்சி அம்மா அதைக் காட்டினார்.

“இவரு யாருக்கா? பேரு சொல்லுங்க.”

மஞ்சு அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். உதடு கொஞ்ச நேரம் எதையோ தேடியது.

“ஏங்க,” என்றாள்.

“கூப்பிடறது வேணாங்கா. பேரு. அவரோட பேரு என்ன?”

“ஏங்க.”

“மேடம்,” என்றேன் நான். “அதாங்க என் பேரு.”

அவள் ஒருநாளும் என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் யார்தான் கூப்பிடுகிறார்கள்? கல்யாணம் ஆன நாளிலிருந்து ஏங்கதான். அந்த அம்மாவுக்குப் புரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மஞ்சுவோ பரீட்சையில் தேறினவள்போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவளிடம் இரண்டு சொற்கள் இருந்தன. அந்த இரண்டையும் வைத்து நாங்கள் குடும்பம் நடத்தினோம். சண்டைகூடப் போட்டோம். அந்த நாட்களில் அவளை நான் படம் எடுக்கவில்லை. ஒருதரம் கேமராவைத் தூக்கியபோது, கோணிய வாயை இடது கையால் மூடிக்கொண்டாள். அத்தோடு வைத்துவிட்டேன்.

மா பூக்கிற மாதத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது அடைப்பு என்றார்கள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை.

அவள் தம்பி நாகராஜ்தான் எல்லாம் பார்த்துக்கொண்டான். ஃபிளக்ஸ் அடிக்கப் படம் கேட்டான்.

“மாமா, அக்கா சிரிக்கற மாதிரி ஒண்ணு குடுங்க மாமா.”

“இல்ல நாகராஜு.”

“ஒண்ணுகூடவா இல்ல?”

அவனால் நம்ப முடியவில்லை. அவனும் நானுமாகக் கணினியில் உட்கார்ந்து தேடினோம். ஊர் ஊராக, வருஷம் வருஷமாக, ஆயிரக்கணக்கான முகங்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாகராஜ் எழுந்து வெளியே போய்விட்டான். கடைசியில் கல்யாண ஆல்பத்தில் இருந்த முகத்தையே வெட்டி எடுத்துப் போட்டோம். துக்கத்துக்கு வந்த மத்தூர்க்கார அம்மா ஒருவர் அதன் முன்னால் நின்று, “ஜாட இருக்குது. ஆனா இது அவ இல்ல,” என்றார். அவர் சொன்னது சரிதான்.

வேப்பனப்பள்ளியிலிருந்து அந்தத் தோட்டக்கார வீட்டு ஐயாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார். “எங்கூட்டுல மாட்டியிருக்கற படத்துல நாங்க ரெண்டு பேரும் இவளத்தான் பாத்துட்டிருக்கறம்ப்பா. தெனமும் பாக்கறம்.” நான் அதுவரை அழவில்லை.

இப்போது நான் வைத்திருக்கிற கேமரா கூட்டத்தில் ஒரு கண்ணைத் தானே கண்டுபிடித்துத் துரத்திப் பிடிக்கிறது. ஐ.டி. கார்டுப் படத்தைக் கம்பெனி வாசலில் ஒரு சின்னக் கேமராவே எடுத்துவிடுகிறது, அதற்கு என்னைப்போல் யாரும் தேவையில்லை. கல்யாணங்களுக்குப் போகிறேன். எல்லோரும் நேராக லென்ஸைப் பார்க்கிறார்கள். நானும் சும்மா இருக்காமல், “சாப்ட்டீங்களா?” என்று கேட்டுப் பார்க்கிறேன். “ஆச்சுங்க,” என்கிறார்கள், அவ்வளவுதான். கேள்வி என்னவோ அதே கேள்விதான். ஆனால் மஞ்சு அதைக் கேட்டால் பதிலுக்காக நிற்பாள். அந்தப் பெண் உண்மையில் என்ன சாப்பிட்டாள், ஏன் சாப்பிடவில்லை, வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். படம் வருகிறதா இல்லையா என்று அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்குப் படம் மட்டும்தான் வேண்டும். எதிரே நிற்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடுகிறது. இதை எந்தக் கடையில் போய் வாங்கச் சொல்வது?

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

அத்திப்பள்ளிப் பக்கத்து ரத்னம்மா என்று ஒருவர் தள்ளுவண்டியில் கீரை கொண்டுவருவார். மஞ்சு இருந்தவரை எங்கள் சந்துக்குள் வண்டியைத் திருப்பி, கேட் முன்னால் நிறுத்தி, “மஞ்சுளம்மா, சொப்பு” என்று கூப்பிடுவார். சொப்பு என்றால் கன்னடத்தில் கீரை. அது வெறும் சாக்குதான். இரண்டு பேரும் கன்னடத்தில் பேசுவார்கள், பேசுவார்கள், கீரை வாடிப்போகும். மஞ்சுவுக்குப் பேச்சு போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. தன் பாட்டுக்கு எல்லாச் செய்தியும் சொல்வார். இவள் இருங்க, இருங்க என்பாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. பிறகு மகளின் பிரசவத்துக்கு என்று ஊருக்குப் போனார். மஞ்சு போனபோது அவர் இல்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் கேட்டில் அதே குரல் கேட்டது. நான் வெளியே வந்தேன். மகளுக்குப் பெண் குழந்தை என்று சொல்வதற்கு ஆசையாக நின்றுகொண்டிருந்தார்.

“மஞ்சுளம்மா எல்லி?” எங்கே என்று கேட்டார்.

“இல்லம்மா,” என்றேன்.

எங்கள் பாஷையிலும் அவர் பாஷையிலும் அது ஒரே சொல். வீட்டில் இல்லை என்றாலும் அதுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கன்னடத்தில் அந்த வார்த்தை எனக்குத் தெரியும். வரவில்லை.

“தாய் மனெகா?” அம்மா வீட்டுக்கா என்றார். நான் எப்படித் தலையை அசைத்தேனோ தெரியவில்லை.

“செரி பிடி, நாளே பர்த்தினி,” என்றார். சரி, நாளைக்கு வருகிறேன். தண்டுக்கீரை ஒரு கட்டை மதில்மேல் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதை ஆய்ந்து, கடைந்து, சாப்பிட்டேன். மறுநாளும் வந்தார். மறுநாளும் இல்லம்மா என்றேன்.

அப்புறம் தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வண்டி எங்கள் சந்துக்குள் திரும்பியதில்லை. காலையில் மெயின் ரோட்டில் அந்தச் சக்கரச் சத்தம் கேட்கும். சந்து முனைக்கு வரும்போது கொஞ்சம் மெதுவாகும். பிறகு நேராகப் போய்விடும்.